நோய் யாருக்கு? மருந்து யாருக்கு?

கவுன்சிலிங் கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது எங்கம்மா கேட்டது: "எந்தக் காலேஜில சீட்டு வாங்கித் தருவ?" அவருக்குத் தெரிந்த கவுன்சிலிங் அது ஒன்றுதான். "அது இல்லம்மா. மனசு சரியில்லாதவங்ககிட்ட உக்காந்து பேசுற வேல" என்றேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நம்ம தெருவுலயே உக்காந்தாப் போதுமே. அதுக்கு எதுக்கு டவுனுக்குப் போற?"

இருபது வருசமாக டவுனில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ., அதற்குமேல் மனநல சமூகப்பணியில் இரண்டு வருட எம்.ஃபில்., அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சில வருசம், பிறகு கல்லூரிகளில் பகுதிநேர ஆலோசகர். என் தொழில் யோக்கியதை இவ்வளவுதான். போன மாசம் ஒரு கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு தோழர் கேட்டார்: "அடிக்கிறவன் அடிச்சிக்கிட்டே இருக்கான். நீங்க ஒத்தடம் குடுத்துக்கிட்டே இருக்கீங்க. இது யாருக்குத் தோழர் லாபம்?"

சரியான கேள்வி. அந்த இடத்தில் நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். தோழருக்கு மட்டுமல்ல, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

1. அத்தைக்கு வந்த பேய்

விருத்தாசலத்துக்குக் கிழக்கே ஒரு சேரி எங்களுடையது. எங்கள் அத்தைக்கு நடவு முடிகிற மாசத்தில் பேய் வரும். கூலி நெல்லைப் பதரும் கல்லுமாக அளந்துவிட்ட ஒரு வருசம் அது ஆரம்பித்தது என்பார்கள். கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு முனைக்குப் போய் நிற்கும். ஆண்டையைப் பேர் சொல்லி, "டேய், வாடா வெளிய" என்று கூப்பிடும். அவன் அப்பன் பாட்டன் எல்லாரையும் இழுத்து, எந்த மரக்காலில் எத்தனை விரல்கடை குறைத்தார்கள் என்று கணக்குச் சொல்லும். வேறு யாராவது அப்படி ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கே தெருவுக்குத் தீ வைத்திருப்பார்கள். அத்தையை விட்டுவிட்டார்கள். ஏனென்றால் பேசுவது அத்தை இல்லையே, பேய்தானே!

நம்மாட்கள் அத்தையைப் பூசாரியிடம் இழுத்துப் போவார்கள். வேப்பிலையால் அடிப்பார். "நீ யாரு? எந்த ஊரு? பேரச் சொல்லு" என்று கேட்பார். கடைசியில் ஒரு கொத்து மயிரை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்து வைப்பார். அத்தை இரண்டு நாள் சுருண்டு கிடந்துவிட்டு மூன்றாம் நாள் அதே ஆண்டையின் கழனிக்குக் களை பறிக்கப் போகும்.

பேய் யார் என்று கேட்டார்கள். நெல்லைக் குறைத்து அளந்தவன் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதை அத்தை ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தபோதே கேட்கவில்லை. ஒரு புகாரை நோயாக மாற்றி, நோய்க்கு ஆணி அடித்து, புகாரைப் புதைத்துவிடுகிற வித்தையை நான் முதலில் பார்த்தது அங்கேதான். பட்டணத்தில் வேப்பிலை இல்லை. மற்றபடி வித்தை ஒன்றுதான்.

2. மூன்று பத்திக் காகிதம்

படிக்கப் போன இடத்தில் அத்தையின் பேய்க்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். விலகல் கோளாறு. சந்தோஷம். அங்கேயும் பேர்தான் கேட்டார்கள்.

நான் படித்ததையெல்லாம் குப்பை என்று சொல்லப் போவதில்லை. கார்ல் ரோஜர்ஸை மதிப்பவன் நான். வந்தவரை நிபந்தனையின்றி மதி, அவர் இடத்திலிருந்து உணர், நீ வேஷம் போடாதே என்ற மூன்றையும் அவர் சிகிச்சையின் அடிப்படையாக வைத்தார். ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையும் பலபேரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவர் தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, வருங்காலத்தைப் பற்றி இருட்டாகவே நினைக்கிறார். அந்த நினைப்பைத் தாளில் எழுதவைத்து, அதற்கு ஆதாரம் என்ன, வேறு விளக்கம் இருக்க முடியாதா என்று கேட்டுக் கேட்டு இளக்குவது அதன் முறை. நடந்தது ஒரு பத்தி. மனதில் வந்த நினைப்பு ஒரு பத்தி. மாற்று விளக்கம் ஒரு பத்தி. தேர்வில் ஒரு தாள் போனதும் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று நினைக்கிற பிள்ளைக்கு இது நன்றாக வேலை செய்யும்.

இந்த முறையில் நினைப்பின் பிழைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒன்று 'மனதைப் படித்தல்'. அதாவது, ஆதாரம் இல்லாமலே "அவங்க என்னைக் கேவலமா நினைக்கிறாங்க" என்று முடிவுகட்டிவிடுவது.

தோழர்களே, இந்த இடத்தில் நில்லுங்கள். சேரியில் பிறந்தவன் "அவங்க என்னைக் கேவலமா நினைக்கிறாங்க" என்று சொன்னால் அது நினைப்பின் பிழையா? கிளாஸைத் தனியாக வைப்பதற்கு முன்னால் டீக்கடைக்காரன் கண் எங்கே போகும் என்று படிக்கத் தெரிந்ததால்தானே நம் தாத்தன் பாட்டி உயிரோடு இருந்தார்கள்? ஊர்த்தெருவில் எவன் மனதில் என்ன ஓடுகிறது என்று தப்பாமல் படிக்கத் தெரியாதவன் சேரியில் ரொம்ப நாள் பிழைத்ததில்லை. நமக்கு அது பிழைப்பதற்கான படிப்பு. அவர்களுக்கு அது நோயின் அறிகுறி.

பயிற்சியில் இதைச் சொன்னேன். என் மேற்பார்வையாளர் சாந்தமான மனிதர். குரல் உயர்த்தியே பேசமாட்டார். சொன்னார்: "சாதியை அறைக்குள்ள கொண்டு வராதீங்க. அது உங்க சொந்தக் காயம். அதை நோயாளி மேல ஏத்துறீங்க." அதற்கு எதிர்மாற்றம் என்று ஒரு கலைச்சொல்லும் வைத்திருந்தார். அவர் சாதி அறைக்குள் முன்பே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பெயர் நடுநிலை. என் சாதி கதவைத் தட்டினால் மட்டும் அது காயம்!

நான் வாயை மூடிக்கொண்டேன். சான்றிதழ் வேண்டுமே.

அதற்கு விலை கொடுத்தது நானில்லை. வேலைக்கு வந்த முதல் வருசம். பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருத்தன் வந்தான். தூக்கமில்லை, கை நடுங்குகிறது, வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை. கேட்டால் சொன்னான்: "லேப்ல எல்லார் ரெக்கார்டு நோட்டையும் கையில வாங்குறாரு சார். என்னோடத மட்டும் மேசையில வெக்கச் சொல்லி, பேனா முனையால தள்ளித் தள்ளித் திருப்புறாரு." நான் மூன்று பத்திக் காகிதத்தை எடுத்தேன். நடந்தது: பேனாவால் தள்ளினார். நினைப்பு: என்னைத் தொட அருவருப்பு. மாற்று விளக்கம்? அவன் யோசித்தான். நான் காத்திருந்தேன். கடைசியில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினான்: "அவர் கையில் மை இருந்திருக்கலாம்."

எழுதி முடித்ததும் கேட்டான்: "நீங்க எந்த ஊரு சார்?"

அவன் எதைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். நம் பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள். ஊர் கேட்பார்கள், அப்புறம் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். நான் சொன்ன பதில்: "அது இப்ப முக்கியமில்ல தம்பி." பயிற்சியில் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். ஆனால் பயிற்சியின்மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் என் சாதி தெரிந்துவிடக் கூடாது என்று நானே ஒளித்துக்கொண்டு திரிந்த காலம் அது. அவன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். மறுபடி வரவே இல்லை. பூசாரி வேப்பிலையால் அடித்தார். நான் காகிதத்தால் அடித்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

3. 'ஒத்துப்போகாத' மாணவி

சில வருசம் கழித்து, ஒரு கல்லூரியில் வாரம் இரண்டு நாள் ஆலோசகராக இருந்தேன். முதல்வர் அலுவலகத்திலிருந்து ஒரு மாணவியைக் கடிதத்தோடு அனுப்பினார்கள். (அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) "விடுதியில் சக மாணவிகளோடு ஒத்துப்போகும் திறன் குறைவு. தாழ்வு மனப்பான்மை. உரிய ஆலோசனை வழங்கி ஒரு வாரத்தில் அறிக்கை தரவும்."

நடந்தது இதுதான். உதவித்தொகை வாங்குகிறவர்களின் பட்டியலை, பேர், துறை, சாதிப் பிரிவு எல்லாம் போட்டு விடுதிச் சாப்பாட்டு அறை வாசலில் ஒட்டினார்கள். மறுநாள் காலை குளியலறையில் மற்றவர்களின் வாளிகள் ஒரு பக்கம், இந்தப் பெண்ணின் வாளி மட்டும் எதிர்ப்பக்கம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சண்டை கிடையாது, வசவு கிடையாது. ஒரு வாரத்தில் அறைத்தோழிகள் இருவரும் 'படிக்க வசதியில்லை' என்று வேறு அறைக்கு மாறிக்கொண்டார்கள். இந்தப் பெண் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சாப்பிடப் போனாள். பிறகு சாப்பிடவே போகவில்லை. விடுதிக் காப்பாளரிடம் சொன்னதற்கு, "நீ ஃப்ரியா மூவ் பண்ணாதான அவங்க வருவாங்க" என்று பதில் கிடைத்தது.

இந்த முறை நான் காகிதம் எடுக்கவில்லை. முதல் வார்த்தையாக என் ஊரைச் சொன்னேன். எந்தப் பக்கம் என்றும் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அழுதாள். "அப்ப நா சொல்றத நம்புவீங்களா சார்?" என்றாள்.

நோயை நிரூபிக்க வருகிறவர்கள் நம் பிள்ளைகள் இல்லை. நடந்தது நடந்தது என்று ஒருத்தராவது சொல்லமாட்டார்களா என்று கேட்டு வருகிறார்கள்.

ஒரு வாரத்தில் அறிக்கை கொடுத்தேன். "மாணவிக்குத் தூக்கமின்மையும் உணவு மறுப்பும் உள்ளது. இவை சாதியப் புறக்கணிப்பின் விளைவுகள். ஒத்துப்போகும் திறன் குறைவு மாணவியிடம் காணப்படவில்லை, விடுதியிடம் காணப்படுகிறது. ஆலோசனை தேவைப்படுவோர்: காப்பாளர், இரண்டு அறைத்தோழிகள், பட்டியலை ஒட்டியவர்."

அடுத்த பருவத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. காரணம் கேட்டேன். தொழில்முறை நடுநிலை தவறிவிட்டேனாம்.

4. பழைய வித்தை

இது ஒரு கல்லூரியின் புத்தி இல்லை. மனநல மருத்துவத்தின் வரலாற்றிலேயே இந்த வித்தை இருக்கிறது. 1851இல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்கிற மருத்துவர் ஒரு புது நோயைக் கண்டுபிடித்தார். பேர் டிராப்டோமேனியா. அடிமைகள் எஜமானனிடமிருந்து தப்பி ஓட வைக்கிற மனநோயாம் அது. அதற்கு அவர் சொன்ன வைத்தியத்தில் சவுக்கடியும் உண்டு. அடிமையை வைத்திருந்தவனுக்கு என்ன நோய் என்று அவர் எழுதவில்லை.

சிரிப்பாக இருக்கிறதா? நம் காலத்துக்கு வாருங்கள். 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா செத்துப்போனார். அவரையும் நான்கு தோழர்களையும் விடுதியைவிட்டு வெளியேற்றி, வெட்டவெளியில் படுக்க வைத்த பிறகு நடந்த சாவு. விசாரித்த ரூபன்வால் ஆணையம் சொன்னது: பாகுபாடு காரணமில்லை, சொந்த விரக்திதான் காரணம். அதே பல்கலைக்கழகத்தில் 2008இல் சேலம் மாவட்டத்திலிருந்து போன ஆய்வு மாணவர் செந்தில்குமாரை இழந்தோம். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி. 2023 பிப்ரவரியில் மும்பை ஐ.ஐ.டி.யில் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி. அங்கே நிறுவனம் அமைத்த குழு, சாதிப் பாகுபாட்டுக்கு ஆதாரமில்லை என்று சொல்லி, படிப்பில் பின்தங்கியதைக் காட்டியது.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அறிவிப்பு வருகிறது: வளாகத்தில் ஆலோசனை மையம் திறக்கப்படும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதில் வேலை செய்கிறவன்தான். ஆனால் கேட்கிறேன். எய்ம்ஸ் நிறுவனத்தில் சாதிப் பாகுபாடு எப்படி நடக்கிறது என்று தோரட் குழு 2007இலேயே விலாவாரியாக எழுதிக் கொடுத்தது. பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக்குழு 2012இல் விதிமுறைகளும் போட்டது. அந்த அறிக்கையின்மேலும் விதிமுறையின்மேலும் தூசு படியவிட்டுவிட்டு, ஆலோசகனுக்கு மட்டும் நாற்காலி வாங்கிப் போடுவது எதற்கு? புகார்ப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் என்னை உட்கார வைக்கிறார்கள். வருகிற புகாரையெல்லாம் நான் நோயாக மாற்றிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

தாழ்வு மனப்பான்மை என்கிற சொல்லையே எடுங்கள். நம் வாத்தியார்கள் பேச்சில் இதுபோல் மலிந்த சொல் இல்லை. சேரிப் பிள்ளை வகுப்பில் பேசாவிட்டால் தாழ்வு மனப்பான்மை. பேசிவிட்டால் திமிர். இந்தச் சொல்லைப் பரப்பிய ஆல்பிரட் அட்லர் உயர்வு மனப்பான்மை பற்றியும் எழுதினார். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டவில்லை. உயர்வு மனப்பான்மைக்கு எந்தக் கல்லூரியிலாவது புறநோயாளிப் பிரிவு இருக்கிறதா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்தியதைப் பள்ளியில் சொன்ன ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். பதினேழு வயதில் அரிவாளைத் தூக்க வைத்த மனதுக்கு என்ன பேர்? கையில் கட்டின கலர்க் கயிற்றில், பள்ளிக்கூடப் பெயரில் இருக்கிற சாதியில் அந்த மனது உருவாகிறது என்று நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னது, பேரை எடுக்கச் சொன்னது. உடனே யார் யாருக்கு வலித்தது என்று பார்த்தோம். நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதானே வலிக்கும்?

5. இரண்டு மருத்துவர்கள்

அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் இதைத் தெளிவாகவே வைத்துவிட்டார். சாதி என்பது செங்கல் சுவர் மாதிரி இடித்துத் தள்ளுகிற பொருள் இல்லை, அது ஒரு மனநிலை என்றார். அந்த மனநிலையைப் புனிதமாக்கி வைத்திருக்கிற சாத்திரங்களின் அதிகாரத்தைத் தகர்க்கச் சொன்னார். மனநிலை என்றால் யாருடைய மனநிலை? அவருடையதா, அவரைத் தங்கவிடாதவர்களுடையதா?

1917இல் பரோடாவில் வேலைக்குச் சேரப் போனவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பேரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து அன்று சாயங்காலத்துக்குள் காலி பண்ணச் சொன்னார்கள். நண்பர்களும் இடம் தரவில்லை. கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அந்த மனிதர் ஒரு பூங்காவில் உட்கார்ந்து அழுதார். அன்று சாயங்காலம் ஒரு நடுநிலை ஆலோசகர் அவரைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? ஒத்துப்போகும் திறன் குறைவு. பரிந்துரை: வேறு விடுதியில் முயற்சி செய்யவும்!

அவர் அழுததை மறைக்கவில்லை. பல வருசம் கழித்து 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் தன் கையாலேயே எழுதி வைத்தார். தனக்கு நேர்ந்ததோடு மற்றவர்களுக்கு நேர்ந்ததையும் சேர்த்து எழுதினார். கண்ணீரைச் சாட்சியமாக மாற்றுவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான். எந்தச் சிகிச்சைப் புத்தகத்திலும் இல்லை.

இன்னொருவர் ஃபிரான்ஸ் ஃபனான். கறுப்பு மனநல மருத்துவர். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனைக்கு வேலைக்குப் போனார். 1956இல் ராஜினாமா செய்தார். சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்ட மனிதனை அந்த மண்ணோடு ஒத்துப்போக வைப்பது வைத்தியமாகாது என்பதுதான் அவர் கடிதத்தின் சாரம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் விட்டது பிரெஞ்சு அரசின் உத்தியோகத்தை. வைத்தியத்தை விடவில்லை. துனிஸ் போய் விடுதலை இயக்கத்தோடு நின்றுகொண்டே மனநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார். புரட்சியா ஒத்தடமா என்று கேட்ட தோழருக்கு இதுதான் என் முதல் பதில்.

6. என் அறையில் நடப்பது

வருகிறவரிடம் முதலில் என் ஊரையும் சேரியையும் சொல்கிறேன். வேறு சாதிக்காரர் வந்தாலும் சொல்கிறேன். ஒருத்தர் எழுந்து போயிருக்கிறார். போகட்டும்.

அடுத்து, தூக்கம், சாப்பாடு. ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா? இதை நேராகக் கேட்கிறேன். கேட்டால் தூண்டிவிட்டதாகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது தப்பு. கேட்டால்தான் பாரம் இறங்கும், காப்பாற்ற வழி பிறக்கும். தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைக்குக் கூடவே போகிறேன். மாத்திரை எழுதினால் சாப்பிடச் சொல்கிறேன், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதே என்கிறேன். சாதியால் வந்த சோர்வுக்கு மாத்திரை எதற்கு என்று சில தோழர்கள் வீரம் பேசுகிறார்கள். தடியடியில் எலும்பு உடைந்தால் மாவுக்கட்டு போடமாட்டோமா? உடைத்தவனை விட்டுவிட்டதாக அதற்கு அர்த்தமா?

மூன்றாவது, நோட்டு. மூன்று பத்தி இப்போதும் உண்டு. பத்திகளை மாற்றிவிட்டேன். நடந்தது என்ன, தேதி நேரத்தோடு. யார் பார்த்தார்கள். உன் உடம்பில் என்ன நடந்தது. மாற்று விளக்கம் கேட்பதில்லை. தேவையானால் அந்தப் பேனாக்காரர் கொடுத்துக்கொள்ளட்டும். இப்படி எழுதினால் தலைக்குள் ராவும் பகலும் சுற்றுகிற பேச்சு தாளில் இறங்கி உட்காரும், தூக்கம் கொஞ்சம் திரும்பும். அதே நோட்டு, வேண்டுமென்றால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் புகார் எழுதவும் ஆகும்.

'வேண்டுமென்றால்' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. என் அரசியலை அவர் தலையில் ஏற்ற எனக்கு உரிமையில்லை. வாளி தனியாக வைக்கப்பட்ட மாணவி இரண்டு மாசம் யோசித்தார். வீட்டில் பயந்தார்கள். கடைசியில் பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவில் புகார் கொடுத்தார். பட்டியலைக் கிழித்தார்கள், மறுவருசம் முதல் பதிவெண் மட்டும் போட்டார்கள். காப்பாளர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். பெண் படிப்பை முடித்தார். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன். "இப்பவும் அந்தப் பாத்ரூம் வாசன நெனப்பு வந்தா வயித்தப் பொரட்டுது சார்" என்று சமீபத்தில் போனில் சொன்னார்.

நான்காவது, கூடி உட்காருவது. ஞாயிற்றுக்கிழமை ஆறேழு பிள்ளைகள். ஒருத்தர் சொல்வதை மற்றவர்கள் கேட்பார்கள். "எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்" என்று யாராவது ஒருவர் சொல்லாத வாரம் இல்லை. அந்த 'மட்டும்'தான் கொல்கிறது.

இதெல்லாம் சட்டத்துக்கு வெளியே நான் ஆடுகிற ஆட்டமும் இல்லை. சமூகம், பண்பாடு வைத்திருக்கிற மதிப்பீடுகளோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவரை மனநோயாளி என்று முடிவு செய்யக்கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. சாதியின் பேரில் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. நடுநிலை தவறியது யார்?

7. தோழர்களுக்கு

இனி நம் வீட்டுக் குப்பை. ஊர் எரிந்தால் உண்மை அறியும் குழு போகிறது. நானும் போயிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் போலீசிடம் சொல்லி, தாசில்தாரிடம் சொல்லி, பத்திரிகையிடம் சொல்லி, ஐந்தாவது தடவையாக நம்மிடம் சொல்கிறார். எழுதிக்கொள்கிறோம், படம் எடுக்கிறோம், கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறோம். அந்த அம்மா ராத்திரி தூங்கினாரா என்று நம் அறிக்கைகளில் ஒரு வரி உண்டா? ஆறு மாசம் கழித்து யாராவது போய்ப் பார்த்தோமா? புகாரை நோயாக்குகிறவர்களைத் திட்டினேன். நாம் மனுஷியைப் புகாராக மட்டும் பார்க்கிறோம். நோட்டீசில் பேர் போட்டதும் கடமை முடிந்துவிடுகிறது.

இயக்கத்துக்குள் என்ன நடக்கிறது? அழுதால் கோழை. தூக்கமில்லை என்றால் கொள்கையில் உறுதியில்லை. ராத்திரி சரக்கு அடித்தால் மட்டும் "தோழர் டென்ஷன்ல இருக்காரு" என்று புரிந்துகொள்கிறோம். அந்த டென்ஷன் வீட்டில் யார்மேல் இறங்குகிறது என்று அவர் மனைவியைக் கேளுங்கள். சிறைக்குப் போய்வந்த தோழருக்கு மாலை போடுகிறோம். சிறையில் என்ன செய்தார்கள் என்று தனியாக உட்கார வைத்துக் கேட்டவர் யார்?

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். உண்மை அறியும் குழுவில் மனதைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும், அதிலும் ஒரு பெண் இருக்கட்டும். அதே ஊருக்கு ஒரு மாசம் கழித்தும் ஆறு மாசம் கழித்தும் போகட்டும். மாணவர் அமைப்புகள் விடுதிதோறும் ஞாயிற்றுக்கிழமை உட்காரட்டும், பேச்சாளர் வேண்டாம், மைக் வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அறையில் எழுதி ஒட்டுங்கள். இருபத்திநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. நம் பிள்ளைகள் சிலர் உளவியலும் மனநல சமூகப்பணியும் படிக்க வரட்டும். வந்தால் சேரியை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். நான் போட்டேன். ஒரு பையன் காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்து போனான்.

அத்தை சாவதற்கு ஒரு வருசம் முன்னால், திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்: "அத்த, நெஜமாச் சொல்லு. அன்னைக்கு வந்தது பேயா?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "யாருக்குடா தெரியும்? ஆனா பேயி வராம பேசியிருந்தா கொன்னுருப்பானுவ."

பேய் வராமலே நம் பிள்ளைகள் பேச வேண்டும். அதைக் கேட்க ஒரு நாற்காலி, நம்புவதற்கு ஒரு ஆள், கூட வருவதற்கு நாலு பேர். ஒத்தடம் என்று பேர் வைத்தாலும் சரி, வேறு என்ன பேர் வைத்தாலும் சரி, தோழர், நான் இந்த வேலையை விடப் போவதில்லை. நீங்களும் வந்து உட்காருங்கள்.